மச்சான் சுவாமி கொடுத்த அபராதம்

சேசு மரி சூசை துணை.

மிகவும் சங்கைக்குரிய சுவாமியும் என் மனைவியின் உடன்பிறந்த தம்பியுமாகிய உங்களுக்கு, அத்தான் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் சுகம். என் வேலை சுகமா என்பது நாளைக் காலையில்தான் தெரியும். இந்தக் கடிதத்தில் மரியாதையாக இருக்கும் வரிகள் சுவாமிக்கு, மற்றவை மச்சானுக்கு. பிரித்து வாசித்துக்கொள்ளவும்.

போன மாதம் இளைஞர் தியானம் கொடுக்க எங்கள் பங்குக் கோவிலுக்கு வந்தீர்கள். நீதியும் இரக்கமும் இல்லாத ஜெபம் ஆண்டவர் காதில் ஏறாது என்று முழங்கினீர்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேன். பிரசங்கத்தோடு விட்டிருக்கக் கூடாதா? பாவத்தை அறிக்கையிடுகிறவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தீர்கள், என் மகள், நம் பாப்பாவும் போய் முழங்காலிட்டாள். அவள் என்ன பாவத்தைச் சொன்னாளோ, அது எனக்கு வேண்டாம். உலகத்தில் சாமியார்கள் பாவத்துக்குப் பரிகாரமாக என்ன அபராதம் கொடுப்பார்கள்? மூன்று அருள்நிறை மந்திரம், மிஞ்சிப்போனால் ஒரு ஜெபமாலை. நீ என்ன கொடுத்தாய்? "உன் கைக்கு எட்டுற தூரத்துல ஒரு அநியாயம் இருக்கும், அதச் சரி பண்ணு. ஆனா யாரையும் தலகுனிய வெக்காம பண்ணு." அவளே சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னாள். பாவசங்கீர்த்தன ரகசியம் உன்னைத்தான் கட்டும், அவளைக் கட்டாது. அதனால் இதைப் பற்றி நீ எனக்கு ஒரு வரி பதில் எழுத முடியாது. திட்டுவதற்கு இதைவிட வசதியான ஆள் எனக்குக் கிடைக்கப்போவதில்லை.

அவள் கைக்கு வேறெதுவும் எட்டவில்லை, நான் சூப்பர்வைசராக இருக்கும் துணிக்கடைதான் எட்டியது. எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். வாங்க வருபவர்களுக்குச் சுவரோரம் நாற்காலி உண்டு, விற்கிற பெண்களுக்குக் கடை திறந்ததிலிருந்து மூடும்வரை கால்தான். சட்டைப் பிரிவு அக்காவுக்குச் சாயங்காலமானால் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்துபோகும். "அப்பா, அவங்க ஏன் உக்காரக் கூடாது?" என்றாள். "கடையோட வழக்கம்" என்றேன். "யாரு வெச்ச வழக்கம்?" என்றாள். சோறு ஆறுகிறது என்று பேச்சை மாற்றினேன். அங்கேதான் கோட்டைவிட்டேன்.

நேற்று சனிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். பாப்பாவின் பின்னால், உங்கள் தியானத்துக்கு வந்திருந்த பட்டாளம் மொத்தமும் ஒவ்வொருவராக உள்ளே வந்தது. கண்ணாடி போட்ட ஒரு பையன் சட்டைப் பிரிவுக்குப் போய், சுவரோரத்து நாற்காலியைத் தூக்கி மேசைக்கு அந்தப் பக்கம் வைத்து, "அக்கா, நீங்க உக்காந்துக்கிட்டே காட்டுங்க. நீங்க நின்னா எனக்கு அவசரமா இருக்கு, கலரே பிடிபட மாட்டேங்குது" என்றான். அக்கா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? வாங்க வந்தவர் எதைக் கேட்டாலும் மறுபேச்சுப் பேசக் கூடாது என்று தினமும் காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஓதுகிறவனே நான்தான். அக்கா உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தால் துண்டுப் பிரிவிலும் உட்கார்ந்திருக்கிறார்கள், போர்வைப் பிரிவிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றிலும் உன் பட்டாளம் கைகட்டி நிற்கிறது. இத்தனை பேரும் சேர்ந்து வாங்கியது என்ன தெரியுமா? கைக்குட்டை.

அந்த நேரம் பார்த்தா முதலாளி வர வேண்டும்? வந்தவர் கத்தவில்லை. கடையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். எதிரே நின்ற பாப்பாவிடம், "நீதான் கூட்டிக்கிட்டு வந்தியாம்மா? இவரு உனக்குத் தெரிஞ்சவரா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். அவள் என்னை நேராகப் பார்த்தாள். "இல்லீங்க சார். இவர யாருன்னே தெரியாது" என்றாள்.

பொய் சொன்னால் காது சிவக்கிற பெண் அவள். அப்போதும் சிவந்தது. என் வேலை போய்விடக் கூடாது, நாலு பேர் முன்னால் அப்பா தலைகுனியக் கூடாது என்று, பெற்றவனையே தெரியாது என்கிறாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். எனக்குத் தாங்கவில்லை மச்சான். "எம் பொண்ணு சார்!" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அதோடு நின்றேனா? "அவ கேக்குறது நியாயந்தான் சார்" என்று வேறு உளறினேன். "திங்கக்கிழம காலையில வந்து என்னப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

உன் அக்காள் நேற்றிலிருந்து ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. பாப்பா பயந்துபோய், "அப்பா, நான் தப்புப் பண்ணிட்டேனா?" என்கிறாள். இல்லை என்று சொன்னால் நாளைக்கு இன்னொரு கடைக்குக் கிளம்பிவிடுவாள், ஆமாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே சங்கைக்குரிய சுவாமி அவர்கள் தயவுசெய்து அந்த அபராதத்தை ரத்து செய்து, பதிலாக ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையோ, ஒருசந்தி உபவாசமோ, எதுவானாலும் வீட்டுக்குள் முடிகிற ஒன்றைக் கட்டளையிடும்படி தாழ்மையுடன் மன்றாடுகிறேன். அடுத்த தியானத்தில் மோட்சத்தைப் பற்றி மட்டும் பேசவும்.

உங்கள் பூசையில் எங்களை நினைத்துக்கொள்ளவும். உங்கள் ஆசீர் வேண்டி,

அத்தான்.

பின்குறிப்பு: திங்கள் மாலை. கடிதத்தைத் தபாலில் போட எடுத்துப்போய், போடாமலே பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். முதலாளி கூப்பிட்டார். "அந்தச் சட்டைப் பிரிவு அம்மா உக்காந்திருந்தப்ப ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கிட்டாங்க, பாத்தீங்களா?" என்றார். பார்த்தேன் என்றேன். "எல்லாப் பிரிவுக்கும் நாற்காலி வாங்கிப் போடுங்க. மெத்த வெச்சது வேணாம், தூங்கிருவாங்க" என்றார். மேலே எழுதியது அத்தனையும் வாபஸ். அபராதத்தில் கை வைக்காதே. பாப்பாவிடம், நீ தப்பே பண்ணவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் அடுத்து எங்கே கிளம்புவாள் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். இப்போது ஒரே ஒரு சிக்கல். நாற்காலி எல்லாம் மத்தியானமே வந்து இறங்கிவிட்டது, ஆனால் நான் அந்தப் பக்கம் போனாலே பழக்கதோஷத்தில் பெண்கள் சட்டென்று எழுந்துவிடுகிறார்கள். உட்காருங்கள் என்றால் சிரிக்கிறார்கள், உட்காருவதில்லை. நாளைக் காலை நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் ஆளாக அவர்கள் நடுவில் உட்காரப்போகிறேன்.