இரண்டு காட்டேரிகளும் ஒரு ஒப்பீட்டுப் படிவமும்

நூலகக் கிளையில் உறுப்பினர் எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே இறங்கினால் கிளையை இழுத்து மூடிவிட்டு, நூலகரைப் பழைய கோப்புக் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. நம் நூலகரிடம் இருந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். கிடங்குக்கு ஜன்னலே கிடையாது என்று அந்த அம்மாள் கேள்விப்பட்டிருந்தார். ஆகவே முப்பத்திரண்டு பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தார்.

வினை ரத்தக் காட்டேரி வடிவில் வந்தது. பாதிப் பேர் 'கழுத்தோரக் கவிதை' ஏழு பாகமும் வேண்டும் என்றார்கள். மீதிப் பேருக்கு 'பல்லுக்குள் ஒரு பாசம்' ஒன்பது பாகம். இரண்டிலும் ஒரு காட்டேரி, இரண்டிலும் அவனுக்கு நல்ல தலைமுடி. அவனிடம் மனதைப் பறிகொடுத்த பெண் 'என்னைக் கடியேன்' என்று கெஞ்ச, அவன் பாகம் பாகமாக யோசிக்கிறான்.

"எங்க ஆளு அனுமதி கேட்டுட்டுத்தான் கடிப்பான்" என்றார் தையல்காரம்மா.

"எங்க ஆளு கடிச்சுட்டு மன்னிப்புக் கேப்பான். அதுலதாம்மா ஆழமே இருக்கு" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

தங்கள் தொடர் வராவிட்டால் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக இரு தரப்பும் எழுதிக் கொடுத்தன. நூலகர் பதினாறு பாகங்களையும் மாதிரிக்கு வரவழைத்து, சுமந்துகொண்டு தலைமை அலுவலகத்துக்கு ஓடினார்.

"ரெண்டும் காட்டேரி, ரெண்டும் காதல். ஒரே இனத்துல ரெண்டு பொருள் வாங்க விதி இல்லம்மா" என்றார் கண்காணிப்பாளர். "ஒப்பீட்டுப் படிவம் நிரப்புங்க. தேறினதை வாங்குவோம். ரெண்டும் தேறலேன்னா, இதே படிவத்துல கடைசியாத் தேறின பொருளை வாங்கணும்."

அலுவலகத்தில் ஒப்புதல் பெற்ற ஒப்பீட்டுப் படிவம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தண்ணீர் மோட்டார் வாங்குவதற்காக அச்சடித்தது.

"சார், இது மோட்டாருக்கு உண்டானதாச்சே?"

"பொருள்னுதானே போட்டிருக்கு? புத்தகமும் பொருள்தானேம்மா? உறிஞ்சும் திறன் எவ்வளவு?"

"முதல் ஆளு ஏழு பாகத்துல மூணு தடவை, சார். ரெண்டாவது ஆளு ஒன்பது பாகத்துல ஒரே தடவை. அதுவும் சுண்டுவிரல்ல."

"ரொம்பக் குறைச்சல். தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஓடும்?"

"பகல்ல வெளியவே வர மாட்டாங்க, சார்."

"ரெண்டு பேருமா?" கண்காணிப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். "சூடாகுமா?"

"உடம்பு எப்பவும் ஜில்லுனுதான் இருக்கும்."

"அது நல்ல விஷயம். எழுதிக்குங்க. மாதிரிகள் ஆய்வுக்காக இங்கேயே இருக்கட்டும்."

மூன்று வாரம் கோப்பு அசையவில்லை. நூலகர் போய்ப் பார்த்தபோது கண்காணிப்பாளர் ஆறாம் பாகத்தில் இருந்தார், கண் கலங்கியிருந்தது. அடுத்த மேசையில் தட்டச்சர் மற்ற தொடரின் நான்காம் பாகத்தில். இருவரும் பேச்சுவார்த்தையை நிறுத்தி எட்டு நாளாகிறதாம்.

ஒருவழியாக ஆணை வந்தது. 'ஒப்பிடப்பட்ட காட்டேரிகள் இரண்டும் உறிஞ்சும் திறனில் தேறாமையால், விதிப்படி ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஒன்று வாங்கி அனுப்பப்படுகிறது.'

நூலகருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வந்த பொருளைப் பதிந்தாக வேண்டுமே. கிளையில் இருந்தது நூல் பதிவேடு மட்டும்தான். தலைப்பு: மோட்டார். வகை: காதல். அப்படியே எழுதி, பின்பக்கக் கிணற்றில் அதைப் பொருத்தினார்.

தெருக்குழாயில் இரண்டு மாதமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. நூலகப் பொருளை உறுப்பினர் மட்டுமே பயன்படுத்தலாம் என்பதும் விதி. ஒரே வாரத்தில் உறுப்பினர்கள் முந்நூற்று நாற்பது பேர். வாசிப்புப் பழக்கத்தை வளர்த்தமைக்காக நூலகருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. கிடங்கு தப்பியதில் அவருக்கு அப்பாடா என்றிருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

வெட்கம் தாங்காமல் வரிசைக்கே போனார். தையல்காரம்மாவும் தபால்காரரும் குடமும் வாளியுமாக ஒற்றுமையாக நின்றிருந்தார்கள்.

"உங்க காட்டேரி புத்தகத்துக்கு மறுபடியும் எழுதிப் போடறேன். கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார் நூலகர்.

"ஐயோ அக்கா, வேணாம்!" என்று பதறினார் தையல்காரம்மா. "புத்தகம் வந்தா இன்னும் கூட்டம் சேரும். அப்புறம் எங்களுக்கு எங்க தண்ணி கிடைக்கும்?"

தபால்காரர் வாளியைத் தட்டி ஆமோதித்தார்.

நூல்கள் வேண்டாம் என்று முந்நூற்று நாற்பது வாசகர்கள் ஏகமனதாகக் கையெழுத்திட்ட மனு தலைமை அலுவலகத்துக்குப் போனது. தட்டச்சரோடு தொடரை மாற்றிக்கொண்டு முதல் பாகத்தைத் திறந்திருந்த கண்காணிப்பாளர், பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஒப்புதல் அளித்தார். அந்த அலுவலகத்தில் வந்த அன்றே கையெழுத்தான கோப்பு அது ஒன்றுதான்.