நீர்யானை போட்ட கவுன்

"சிரிப்பை எடுத்துடுங்க," என்றார் மேலாளர் அம்மா.

"எந்தச் சிரிப்பைம்மா?"

"எல்லாத்தையும்."

ஓவியர் மாடி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். வாசல் கதவுக்கு முன்னால் ரசிகர்கள் அட்டை பிடித்து நின்றார்கள். காலைப் பனியில் இடுப்புக்குக் கீழே யாருமே தெரியவில்லை. பாதிப் பாதி ஆட்களாக மிதந்துகொண்டே கோபப்பட்டார்கள்.

விஷயம் இவ்வளவுதான். துப்பறியும் டொம்மு என்கிற நீர்யானை, ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன். கால்சட்டை, கழுத்தில் டை, பதினோரு வருடமாக அதே உடுப்பு. போன வாரம் ஒரு திருடனைப் பிடிக்க டொம்மு பூப்போட்ட கவுனில் மாறுவேடம் போட்டது. பார்த்த ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதாக ஓவியர் வரைந்துவிட்டார். 'ஆண் கவுன் போட்டால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அப்படி உடுத்துகிற எங்களைக் கேலி செய்கிறீர்களா?' என்று இருநூறு கடிதங்கள் வந்து விழுந்தன.

ஓவியருக்கு மனசே ஆறவில்லை. எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிற மனிதர் அவர்.

"நியாயமாத்தானே கேக்குறாங்க," என்றாள் அன்றிரவு வீட்டில் மனைவி, போட்டிருந்த அவருடைய பழைய சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டே. "நான் உங்க சட்டையைப் போட்டா யாராவது சிரிக்கிறாங்களா?"

அடுத்த ஞாயிறு டொம்மு கவுனோடு வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. திருடன்கூட மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான்.

திங்கட்கிழமை வாசலில் இன்னொரு கூட்டம். "எங்க டொம்முவை என்னய்யா பண்ணி வச்சிருக்கே? ஆம்பளைச் சிங்கமா இருந்தவனை!"

நீர்யானை எப்படிச் சிங்கமானது என்று கேட்க ஓவியருக்குத் தைரியம் வரவில்லை. டொம்மு மட்டும் கவுன் போட்டால்தானே பேச்சு? அதற்கடுத்த ஞாயிறு திருடன், போலீஸ், தபால்காரர் எல்லோருக்கும் கவுன் மாட்டிவிட்டார். இப்போது பெண்கள் வந்தார்கள். "நாங்க தினமும் உடுத்துறது உங்களுக்கு மாறுவேஷமா?"

அன்று மதியம் சாப்பிட்ட கிறக்கத்தில் ஓவியர் மேஜை மேலேயே கண்ணயர்ந்தார். டொம்மு காகிதத்திலிருந்து மெல்ல இறங்கியது. எடையே இல்லாமல் பலூன் மாதிரி எழும்பி, திரைச்சீலையோடு சேர்ந்து அசைந்து, விட்டத்துக்குக் கீழே மிதந்தது. அறை முழுக்க வெளிர்நீல வெளிச்சம்.

"என்னை என்னங்க பண்ணப் போறீங்க?" என்றது.

"எனக்கே தெரியலையே, கண்ணு."

விழித்தபோது கன்னத்தில் மை ஒட்டியிருந்தது. கூடவே ஒரு யோசனையும். துணி இருந்தால்தானே வம்பு! மூன்றாவது ஞாயிறு டொம்மு துணியே இல்லாமல் துப்பறிந்தது.

"சின்னப் பிள்ளைங்க பாக்குற படமாய்யா இது?" என்று பெற்றோர்கள் திரண்டு வந்தார்கள். பழைய மூன்று கூட்டமும் அவர்களோடு சேர்ந்துகொண்டது. மழை தூறியதும் ஒரே குடைக்குள் நின்று ஒற்றுமையாகத் திட்டினார்கள்.

மேலாளர் அம்மா கூப்பிட்டனுப்பினார். "போதும். டொம்மு வேலையை விட்டுட்டு ஆத்தோட போயிடட்டும். கடைசி வசனத்தை எழுதிக் கீழே குடுத்துடுங்க."

டொம்முவை உருவாக்கிய பெரியவர் இரண்டே வருடத்தில் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவர் போட்ட கோட்டின் மேல் கோடு போட்டு ஒன்பது வருடம் வளர்த்தவர் இவர். பிள்ளையில்லாத வீட்டில் டொம்முதான் பிள்ளை. 'போய் வருகிறேன்' என்று எழுதுவதற்குள் நாலு காகிதம் நனைந்துவிட்டது.

மாடியில் வரைவார்கள், கீழே குரல் கொடுப்பார்கள், காகிதத்தை அலுவலக ஆள் கொண்டுபோவார். அதுதான் வழக்கம். அன்று மட்டும் ஓவியர் தானே எடுத்துக்கொண்டு இறங்கினார்.

ஒலிப்பதிவு அறையின் சுவரெல்லாம் மெத்தை. வெளியே உலகம் இடிந்தாலும் உள்ளே கேட்காது. பஞ்சுக்குள் நடப்பது போல் இருந்தது அவருக்கு. முதல் நாளிலிருந்து டொம்முவுக்குக் குரல் கொடுக்கும் அம்மா, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

"எதுக்குங்க வேலையை விடுது?"

ஓவியர் கவுன் கதையை ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். குரல் கொடுக்கும் அம்மா ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ஐயையோ, பெரியவர் உங்ககிட்ட சொல்லாமலேயே போயிட்டாரா? துப்பறியிற வேலைக்குப் பொம்பளைய எடுக்க மாட்டாங்கன்னு அவ பதினோரு வருஷமா பேன்ட்டும் டையும் மாட்டிக்கிட்டு ஆம்பளை வேஷத்துல ஓடிட்டிருக்கா, அதுக்கு வராத கோபம், ஏதோ மூணு வாரம் அவளோட சொந்தக் கவுனைப் போட்டதுக்கா வந்துச்சு?"