வருங்கால மாமியாருக்குக் கட்டடம் காட்டிய நாள்

சுற்றுலா ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த ஊரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எங்கிருந்தோ வந்து இறங்கும் வெள்ளைக்காரர் பினாங்கு ஜார்ஜ்டவுனின் ஒவ்வொரு ஜன்னலையும் அண்ணாந்து பார்த்துப் படம் எடுப்பார். அங்கேயே டத்தோ கிராமாட்டில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் கடையில் மீ கோரெங் நன்றாக இருக்கும், எங்கே காரை நிறுத்தினால் சம்மன் வராது, அவ்வளவுதான்.

இதைத் தினேஷிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். தினேஷ் நான் காதலித்த பையன். இருவருக்கும் புக்கிட் தெங்காவில் ஒரே தொழிற்சாலையில் வேலை. அவன் சொந்த ஊர் ஈப்போ. அவன் அம்மா ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. “ஷிஃப்டு வேலை பாக்குற பொண்ணுக்கு நம்ம முறை, பழக்கம் எல்லாம் என்ன தெரியும்?” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்ததில் எங்கள் கல்யாணப் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூ, பழம், தாம்பூலத்தோடு எங்கள் வீட்டுக்கு வர ஒத்துக்கொண்டார். அதற்கு முன்னால் ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடங்களைப் பார்க்க வேண்டுமாம்.

“நீ பினாங்குப் பொண்ணுதானே, நீயே சுத்திக் காட்டுலா. அம்மாவுக்கு உன்னைப் பிடிச்சுப்போயிடும்” என்றான் தினேஷ்.

“அதுக்கென்ன? அங்க ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும்” என்றேன். (இந்த வாயில் அன்றைக்கே யாராவது சூடு வைத்திருக்க வேண்டும்.)

போனில் ஒரு ஆப் இறக்கினேன். நாம் எந்தக் கட்டடத்தின் முன்னால் நிற்கிறோமோ, அதன் கதையை அதுவே காதில் சொல்லும். இயர்போனை ஒரு காதில் மாட்டி, முடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டேன். அது ஆங்கிலத்தில் சொல்லும். நான் சொந்த ஞானம் மாதிரி தமிழில் அவிழ்த்துவிடுவேன்.

முதல் இரண்டு தெரு அமோகம். “மேல பாருங்க ஆன்ட்டி, கூரையில இருக்கிற பூவெல்லாம் உடைஞ்ச பீங்கானை ஒட்டிச் செஞ்சது.” ஆன்ட்டி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “பரவால்லையே, நல்லா தெரிஞ்சு வச்சிருக்கியே!” தினேஷுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் அப்பா கால் வலியோடு பின்னால் வந்து, எதைக் காட்டினாலும் “கெட்டியாத்தான் கட்டியிருக்கான்” என்றார்.

அப்போதுதான் மழை பிடித்தது. தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, கடைவீடுகளின் முன்னால் நீளமாகப் போகும் அஞ்சடித் தாழ்வாரத்துக்குள் ஓடினோம். காதில் குரல், அடுத்தது ஒரு பெரிய வியாபாரியின் பழைய வீடு, கதவு திறந்தே இருக்கும், உள்ளே போகலாம் என்றது. போனைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு கதவு திறந்திருந்தது. நுழைந்துவிட்டேன். என்னை நம்பி மூன்று பேரும் நுழைந்தார்கள்.

வாசலில் கூடாரம். வெள்ளை விளக்குக் கூடுகள். வட்ட மேசைகளில் வேர்க்கடலை. பினாங்கில் சின்னப் பிள்ளைகூட இது என்ன வீடு என்று பார்த்ததும் சொல்லிவிடும். நான்தான் கட்டடக்கலை பார்த்துக்கொண்டிருந்தேனே!

வெள்ளைச் சட்டை போட்ட சீன அம்மா ஒருவர் “மாசோக், மாசோக்” என்று உள்ளே அழைத்து, எல்லார் கையிலும் குளிர்பானம் கொடுத்தார்.

“டிக்கெட்டும் இல்லை, தண்ணியும் குடுக்கிறாங்களே?” என்றார் அங்கிள்.

“பாரம்பரிய வீடுன்னா அப்படித்தான் அங்கிள்.”

“ஏன் எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டிருக்காங்க?” இது ஆன்ட்டி.

“இங்க வேலை செய்றவங்களோட யூனிஃபார்ம்.”

உள்ளே பெரிய படம் ஒன்று. முன்னால் ஊதுபத்தி புகைந்தது. “இவருதான் வீட்டைக் கட்டுனவரா?” என்று கேட்டார் ஆன்ட்டி. “ஆமா ஆன்ட்டி, நூறு வருஷம் இருக்கும்” என்றேன். நூறு வருடத்துக்கு முந்தைய அந்த மனிதர் கோல்ஃப் தொப்பியும் கலர் பனியனுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். (அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?) அங்கிள் மரியாதைக்கு ஒரு ஊதுபத்தி வாங்கிக் கும்பிட்டார். அதைப் பார்த்துச் சீன அம்மா அழுதேவிட்டார். ஆன்ட்டியும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

“முன்னோர் மேல என்ன ஒரு பாசம் பாரு” என்று சொல்லிக்கொண்டே ஆன்ட்டி திரைக்குப் பின்னால் போனார். “அடேயப்பா, எவ்வளவு பெரிய மரப்பெட்டி!” தடவியும் பார்த்தார்.

ஆப் பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானே சமாளித்தேன். “அந்தக் காலத்துல நகை வைக்கிற பெட்டி ஆன்ட்டி.”

தினேஷ் என் கையை இறுக்கிப் பிடித்தான். “ஏய், அது சவப்பெட்டி.”

என் உயிர் அங்கேயே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூடாரமும் தயாராக இருந்தது. ஆன்ட்டி கையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே தூக்கிப் பிடித்தபடி வெளியே நடந்தார். சீன அம்மா ஓடிவந்து ஆளுக்கொரு சிவப்பு நூலும் மிட்டாயும் கொடுத்து, மழையில் வந்ததற்கு நன்றி சொன்னார். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கு அப்படிக் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

காரில் ஏறினோம். ஆன்ட்டி, “தீட்டோட எப்படிம்மா உங்க வீட்டுல வந்து நல்ல காரியம் பேசுறது?” என்றார்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்தேனா? “அம்மாகிட்ட சொல்லவே வேணாம் ஆன்ட்டி. யாருக்குத் தெரியப்போகுது?”

அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். “இதுதான் நீ கத்துக்கிட்ட முறையா?”

முடிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

வீட்டு வாசலில் அம்மா பட்டுச்சேலையும் ஆரத்தித் தட்டுமாக நின்றிருந்தார். உள்ளே சொந்தபந்தம் மொத்தமும். ஆன்ட்டி காரைவிட்டு இறங்கியதும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: “தெரியாம ஒரு சாவு வீட்டுக்குள்ள போயிட்டு வர்றோம்ங்க.”

சம்பந்தி வீட்டாரைப் பார்த்து அம்மா போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். “ஐயோ, அங்கயே நில்லுங்க! ஒருத்தரும் உள்ள காலை வைக்கக் கூடாது!”

ஆரத்தித் தட்டு உள்ளே போனது. கார் கழுவுகிற ரப்பர் குழாய் வெளியே வந்தது. அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்க, நாங்கள் நாலு பேரும் வாசலிலேயே நனைக்கப்பட்டோம். ஆன்ட்டி என் அம்மாவின் நைட்டியிலும், அங்கிள் அப்பாவின் சாரோங்கிலும் உட்கார்ந்து தேநீர் மட்டும் குடித்தார்கள். தாம்பூலத் தட்டு காரைவிட்டு இறங்கவே இல்லை. “இன்னிக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். என் கல்யாணம் அந்தக் காரோடு ஈப்போவுக்குப் போய்ச் சேர்ந்தது என்றே நினைத்தேன்.

மறுநாள் தினேஷ் போன் செய்தான். பயந்துகொண்டேதான் எடுத்தேன்.

“அம்மா வழியெல்லாம் உங்க அம்மாவைப் பத்தியேதான் பேசுனாங்க. ‘சம்பந்தின்னுகூடப் பாக்காம வாசல்ல நிறுத்துனாங்க பாரு, அந்த வீட்டுல கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணு எடுக்கலாம்’னாங்க. அடுத்த வாரம் வர்றோம்.”

“என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?”

“வேணாம், விடு” என்றான்.

ஆன்ட்டி இப்போது எனக்கு அத்தை. குடும்பமாக எங்கே போனாலும், கோயிலோ, மியூசியமோ, மச்சான் புதிதாக வாங்கிய வீடோ, அத்தை வாசலிலேயே நின்றுவிடுவார். பின்னால் வருகிறவர்களையும் கையை நீட்டித் தடுத்துவிடுவார்.

“மருமகளே, முதல்ல நீ உள்ள போ. எல்லாரும் உயிரோட இருக்காங்களான்னு பாத்துட்டு எங்களைக் கூப்பிடு.”