நாற்காலி போட இடம்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

நானும் உங்கள் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுத மனம் வரவில்லை. அங்கே எல்லோரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். அடுத்த வாரம் காட்டுப்பூக்களைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தீர்கள். வர வேண்டாம்.

குடியிருப்புக்குப் பின்னால் எங்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கும் நிலத்தில் பழையபடி காட்டுப்பூக்களைக் கொண்டுவருகிறேன் என்று ஓய்வு பெற்ற கையோடு நான் கிளம்பியது உங்களுக்குத் தெரியும். கொழுத்த மண்ணில் புல் முந்திக்கொள்ளும் என்று படித்துவிட்டு மேல்மண்ணை வழித்து வெளியே கொட்டினேன். நல்ல மண்ணைக் கொட்டுகிற மனுஷன் என்று தெருவே சிரித்தது. முதல் வருடம் முளைத்ததை எதிர்வீட்டுப் பல் டாக்டர் களை என்று நினைத்து, எனக்கு உதவியாக வேரோடு பிடுங்கிவிட்டார். கை தேர்ந்தவர், ஒன்றுகூட மிஞ்சவில்லை. நன்றி வேறு சொல்லித் தொலைத்தேன். மறுபடி விதைத்து, இந்த வருடம்தான் நீலமும் மஞ்சளுமாக இடுப்பளவு பூத்தது. பார்த்ததும் அழுதுவிட்டேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.

குடியிருப்போர் சங்கத்தில் பாதிப்பேருக்கு அங்கே கார் நிறுத்த வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து பார்ப்பது, பிடித்தால் விட்டுவைப்பது, பிடிக்காவிட்டால் சிமெண்ட் போடுவது என்று முடிவானது. அன்று காலையில் போனால் நிலம் மொட்டையாகக் கிடக்கிறது. செயலாளர் முந்தின நாளே மிஷின் விட்டு வெட்டி, வரிசையாக நாற்காலி போட்டிருக்கிறார். “பூ பாக்க வர்றவங்க எங்க சார் உக்காருவாங்க?” என்றார். கெட்ட எண்ணமே கிடையாது, அதுதான் என் வயிற்றெரிச்சல். எல்லோரும் வந்து உட்கார்ந்து, காபி குடித்து, பூ எங்கே என்று கேட்டு, காருக்குக் கை தூக்கினார்கள். வெறுத்துப்போய் நானும் தூக்கினேன். “நம்மகிட்ட காரே இல்லையே” என்றாள் உங்கள் அக்கா.

ஆகவே பயணத்தை ரத்து செய்யவும். மண்வெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இனி டிவி பார்ப்பதாக உத்தேசம். பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. யாரும் பொதுக்காரியத்தில் இறங்காமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மழை பிடித்து, இன்றுதான் விட்டது. வெட்டிப் போட்டது அள்ள ஆளில்லாமல் அங்கேயே கிடந்ததில், முற்றின விதையெல்லாம் உதிர்ந்து மண்ணில் இறங்கியிருக்கிறது. தரையெங்கும் குட்டிக் குட்டி இலை. புல் இல்லை, குனிந்து பார்த்துவிட்டேன். சிமெண்ட் லாரி திங்கட்கிழமை வருகிறதாம். அந்த நிலத்து வாசலின் அகலம் மூன்று நாற்காலி. ஒன்றில் நான். இன்னொன்றில் உட்கார உங்கள் அக்கா சம்மதித்துவிட்டாள். ஞாயிறே வந்துவிடுங்கள்.