தட்டு வைத்தியரின் உயிருள்ள பாட்டு

செத்த சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் ஜனங்களுக்கு வியாதி வருகிறதாம். இந்த மகத்தான உண்மையைக் கண்டுபிடித்தவர் தட்டு வைத்தியர். மருத்துவக் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். அதனால் சந்தேகம் எதுவும் வந்து அவருடைய ஆராய்ச்சியைக் கெடுக்கவில்லை. பழைய ஃபர்னிச்சர் கடை மாடியில் ஒரு ஹால், வெல்வெட் விரித்த மேஜை, மேஜைமேல் ஒரு ரெக்கார்டு பிளேயர், எதிரே நூறு நாற்காலி. ஆஸ்பத்திரி அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிப்படியில் தொடங்கும் வரிசை பஸ் நிறுத்தம் வரைக்கும் போகும். பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட வரிசையோடு வரிசையாக மேலே வந்து, குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனதுண்டு. என்ன வியாதி குணமானது என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசித்தார்கள்.

வாசலில் ஒரு கூடை. செல்போன்களை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். செத்த சத்தம் உள்ளே வந்தால் இசைத்தட்டுக்கு மூச்சுத் திணறுமாம். வைத்தியரின் விளக்கம் இதுதான்: சிடியில் பாட்டை விநாடிக்கு நாற்பத்து நாலாயிரம் துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். போனில் அந்தத் துண்டுகளையும் நசுக்கிப் பொட்டலம் கட்டியிருக்கிறார்கள். வெட்டிய பாட்டைக் கேட்டால் ரத்தமும் வெட்டுப்படும், சர்க்கரை ஏறும், முட்டி வலிக்கும், மருமகள் பேச்சுக் கேட்கமாட்டாள். இசைத்தட்டில் மட்டும்தான் பாடினவரின் மூச்சு அப்படியே கோடு கோடாகப் படுத்திருக்கிறது. ஊசி பட்டதும் அது எழுந்து வந்து நோயைத் தின்றுவிடும். தட்டைத் துடைத்த துணியைச் சின்னச் சின்னத் துண்டாக்கி விற்பார். வலிக்கிற இடத்தில் கட்டிக்கொள்ள வேண்டியது. தட்டை மட்டும் யாரும் தொடக்கூடாது. தொட்டவருக்கு அந்த நிமிஷமே காது போய்விடும்.

முன்வரிசையில் ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வேலையில் இருந்தவரை ஒவ்வொரு கையெழுத்தையும் இரண்டு தடவை பார்க்காமல் செக்கைப் பாஸ் பண்ணாதவர். இங்கே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "என்ன ஒரு கதகதப்பு" என்று தலையாட்டுவார். அவர் தலையாட்டினால் பின்னால் தொண்ணூறு தலை ஆடும்.

அந்தத் தொண்ணூறில் ஒன்று, தெருவே அக்கா என்று கூப்பிடுகிற ஒரு பெண்ணுடையது. தையற்காரி. பத்து வருஷமாகச் சர்க்கரை வியாதி, தினம் இன்சுலின் ஊசி. வைத்தியர் அவளைப் பார்த்த முதல் நாளே, பிளேயரில் இருந்த முள்ளைக் காட்டி, "இனிமே உங்களுக்கு இந்த ஒரு ஊசி போதும்மா" என்றார். எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார்! அக்கா வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் இருந்த மருந்தை எடுத்துக் குப்பையில் போட்டாள். மூன்று வாரம் ஆயிற்று. தையல் மெஷின் பெடல் உரசி இடது கால் விரல்களில் வந்த புண் ஆறவில்லை, கறுத்துக்கொண்டே போனது. அதன்மேல் தட்டைத் துடைத்த துணியைக் கட்டிக்கொண்டு, மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு தடவை பார்த்துவிட்டு, இப்படியே விட்டால் பாதத்தையே எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருந்தார். டாக்டர் காதில் செத்த சத்தம் அதிகம் விழுந்திருக்கும் என்றாள் அக்கா.

அவளுடைய தம்பிக்கு ஆம்ப்ளிஃபயர், பிளேயர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற கடை. அவனுக்குத் தட்டின்மேல் பகை ஒன்றும் கிடையாது. அவனிடமே ஒரு அலமாரி நிறையத் தட்டு இருக்கிறது. அட்டையைச் செய்தித்தாள் மாதிரி மடியில் விரித்துவைத்துப் படிக்கலாம், பக்கம் முடிந்ததும் எழுந்து போய்த் திருப்பிப் போடலாம், அரைமணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்கலாம். அந்தச் சுகம் சுகம்தான். சிடி என்றால் இரைச்சல் இல்லை. போன் என்றால் சட்டைப்பையில் போகும். மூன்றிலும் வருவது பாட்டு, ஒன்றிலும் இன்சுலின் வராது. இதைச் சொன்னால் அக்கா கேட்டால்தானே? "உனக்குப் பொறாமைடா. உன் கடைக்கு ஈ காக்கா வரலை, அவருக்கு ஊரே வருது" என்று வாயை அடைத்துவிட்டாள். 

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் கூடப் போனான். கண்ணை மூடச் சொன்னார்கள், அவன் மூடவில்லை. பாட்டு நடுவே 'டக்... டக்...' என்று கீறல் சத்தம் வந்தது. பாருங்கள், அதுதான் உயிர்த்துடிப்பு என்றார் வைத்தியர். தம்பி தட்டையே பார்த்தான். நடுவில் ஒட்டியிருந்த மஞ்சள் காகிதத்தில் ஒரு சிவப்புப் பொட்டு, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வந்துபோனது. அவன் எதையோ எண்ணினான். எண்ணி முடித்ததும் அவன் முகமே மாறிவிட்டது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்.

"அக்கா, நான் சொல்றதை நம்பவேணாம். அடுத்த வாரம் நீ கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு எண்ணு. கீறல் தட்டோட ஒட்டியிருக்குது. சிவப்புப் பொட்டு ஒரு சுத்து வந்தா ஒரு டக். ரெண்டு கீறல் இருந்தா ரெண்டு டக். எத்தனை இருந்தாலும் ஒவ்வொரு சுத்துக்கும் அதே கணக்குதான் வரணும்."

"வந்துட்டா?"

"வந்துட்டா அந்தத் துணியை நானும் தலையில கட்டிக்கிறேன்."

அக்காவுக்கு எண்ணத் தெரியாதா என்ன? மெஷின் ஒரு தையலைத் தாண்டினால் பக்கத்து அறையில் இருந்தே சொல்லிவிடுவாள். அடுத்த ஞாயிறு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டாள். எல்லாரும் உருகிக்கொண்டிருக்க, அவள் விரல் முழங்காலில் தட்டியது. ஒரு சுற்று: இரண்டு டக். அடுத்த சுற்று: மூன்று. பிறகு இரண்டு, மறுபடி இரண்டு, மூன்று. முதலில் இருந்து எண்ணினாள். அதே கோணல்.

எழுந்தாள். தம்பி கையைப் பிடித்தான், உதறிவிட்டாள். நொண்டிக்கொண்டே மேஜைக்குப் போய், வைத்தியர் நாற்காலியைவிட்டு எழுவதற்குள், சுற்றுகிற தட்டின்மேல் ஆள்காட்டி விரலை அழுத்தி வைத்தாள்.

தட்டு நின்றது. பாட்டு நிற்கவில்லை.

பாடகர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தார்.  அக்காவின் காதும் போகவில்லை. முதலில் சுதாரித்துக்கொண்டவர் நம்முடைய மேனேஜர். "பாத்தீங்களா, நின்ன தட்டுகூடப் பாடுது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாலைந்து பேர் கைதட்டவும் செய்தார்கள். வைத்தியர் கெட்டிக்காரர், அதையே பிடித்துக்கொண்டு, இந்த அம்மாவின் பக்திக்காகத் தட்டு பேசுகிறது என்றார்.

தம்பி சட்டைப்பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தான். வைத்தியரின் ஆள் ஒருவன் தடுக்கப் பார்த்தான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டான். பிளேயர் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினால், உள்ளே கட்டைவிரல் நீளத்தில் ஒரு பென் டிரைவ், நீல விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது. பிடுங்கினான். பாட்டு பாதி வார்த்தையில் அறுந்தது.

"நாப்பத்து நாலாயிரம் துண்டும் இதுக்குள்ளதாங்க இருக்கு" என்று தூக்கிக் காட்டினான். "இத்தனை நாளா நீங்க கதகதப்புன்னு சொன்னது இதைத்தான். வேகமா சுத்துற பழைய தட்டுல இருந்து பாட்டைக் கீறலோட எடுத்துட்டு வந்து, மெதுவா சுத்துற தட்டு மேல ஓட்டியிருக்காரு. அதான் டக் ஒத்துப்போகலை."

அப்படியானால் அந்தத் தட்டில் என்னதான் இருக்கிறது? ஊசியிலிருந்து வந்த இரண்டு ஒயர்களும் எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தன. தம்பி அவற்றைப் பெட்டிக்குள் இருந்த ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, ஊசியைத் தட்டில் வைத்தான். ஓர் ஆள் கம்பீரமாக முழங்கினார்: "கைகளை மேலே தூக்குங்கள். கீழே இறக்குங்கள். மேலே தூக்குங்கள்." பள்ளிக்கூடத்து உடற்பயிற்சித் தட்டு. மேனேஜர் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். பின்னால் இன்னும் சிலர் தூக்கினார்கள். மேனேஜர் இறக்கிய பிறகுதான் அவர்களும் இறக்கினார்கள். இந்த உடற்பயிற்சி நடந்துகொண்டிருந்தபோதே வைத்தியர் பின்படி வழியாக நடையைக் கட்டிவிட்டார்.

அக்கா காலில் கட்டியிருந்த துணியை அங்கேயே அவிழ்த்து எறிந்தாள். "இவ்வளவு முட்டாளா இருந்திருக்கேனே" என்று அழுதாள். தம்பி ஆட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அன்றிரவே இன்சுலின் ஆரம்பித்தார்கள். பாதம் பிழைத்தது, சுண்டுவிரல் பிழைக்கவில்லை. வைத்தியருக்குப் போனது ஒரு பென் டிரைவ். அக்காவுக்குப் போனது ஒரு விரல்.

நாலாம் நாள் மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு. கட்டுப் போட்ட காலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். தட்டுக்காரன் பலே ஃபிராடு, தனக்கு முதலிலிருந்தே சந்தேகம்தான் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். ரயில்வே கேட் பக்கம் புதிதாக ஒருவர் வந்திருக்கிறாராம். இவர் சிடி வைத்தியராம். சிடியை ஊசி குத்துவதில்லை, ஒளிதான் படிக்கிறது. அந்த ஒளி உடம்பில் பட்டால் போதுமாம். ஞாயிறு காலையில் பயங்கரக் கூட்டமாம்.

தம்பி வாயைத் திறக்கப் போனான். அக்கா கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"போயிட்டு வாங்க சார். பாட்டுக் கேக்கத்தான்னா ரெண்டு காது போதும். வைத்தியத்துக்குன்னா, அந்த ரெண்டு காதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு பாருங்க, அதைக் கூடையில போட்டுட்டு உள்ள போயிடாதீங்க."