கை நனைக்காத சம்பந்தி

சாப்பிடாமல் இருப்பவர்களில் மூன்று வகையினர் உண்டு. சோறு கிடைக்காமல் சாப்பிடாதவர்கள், சாமிக்காகச் சாப்பிடாதவர்கள், மணி ஒன்று ஆகாததால் சாப்பிடாதவர்கள். முதல் வகையினர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டாம் வகையினர் கேட்டால் சொல்வார்கள். மூன்றாம் வகையினரை நீங்கள் எதுவும் கேட்கவே வேண்டியதில்லை.

இவர்தாம் இடைவெளி விரதக்காரர். புனே நகரின் மேற்கே வாகட் பகுதியின் அடுக்ககங்களில் மாடிக்கு இருவர் வீதம் வசிக்கிறார். நாளுக்குப் பதினாறு மணி நேரம் எதுவும் உண்ணார். மிச்சமுள்ள எட்டு மணி நேரத்துக்குள் உண்பார். இருபத்து நான்கு மணி நேரமும் அதைப் பற்றிப் பேசுவார். மற்றவர்கள் மணி பார்ப்பது எங்கேயாவது போவதற்காக. இவர் மணி பார்ப்பது தம் வாயிடம் அனுமதி கேட்பதற்காக. லிப்டில் நான்கு மாடி ஏறுவதற்குள் இன்சுலின் என்ற சொல்லை மூன்று முறை உச்சரிக்கும் ஒருவரை நீங்கள் சந்தித்திருந்தால், அறிமுகம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இனத்தின் குறையற்ற மாதிரி என்று துரைசாமியைத் தயங்காமல் காட்டலாம். கோயம்புத்தூர்க்காரர், வயது ஐம்பத்து நான்கு, பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். ஆண்டுப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்ன நாள்முதல் விரதம் பிடித்தார். நூற்று இரண்டு நாளில் எண்பத்து நான்கு கிலோ எழுபத்தேழு கிலோ அறுநூறு கிராம் ஆயிற்று. சர்க்கரை இறங்கியது. குனிந்து செருப்பு மாட்ட முடிந்தது. இவை எல்லாம் உண்மை. இவற்றில் கேலி செய்ய ஒன்றுமில்லை. கேலிக்குரியவை மற்றவை.

மதியம் பன்னிரண்டரைக்கே அவர் சமையலறை வாசலில் நடமாடத் தொடங்குவார். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குத் தட்டின் முன் உட்கார்ந்து, கைபேசியை எதிரே நிறுத்தி வைத்து, அதிலுள்ள செயலி மணியடிக்கும்வரை சோற்றைப் பகைவனைப் பார்ப்பதுபோல் பார்த்திருப்பார். அடித்ததும் என்ன ஆகும் என்பதை விவரிப்பது நாகரிகமன்று. இரவு எட்டரைக்குமேல் வீட்டில் வேறொரு பரபரப்பு. ஒன்பது மணிக்குக் கடை சாத்தப்படுமே. எட்டு ஐம்பதுக்கு ஒரு வாழைப்பழம், எட்டு ஐம்பத்தைந்துக்கு ஒரு பிடி முந்திரி, எட்டு ஐம்பத்தொன்பதுக்கு நின்றபடியே ஒரு தம்ளர் மோர். பசித்தா சாப்பிடுகிறார்? இல்லை. நேரம் வீணாகக் கூடாதல்லவா?

மற்றவர் விரதங்கள்மேல் அவருக்குத் துளியும் மரியாதை கிடையாது. எதிர்வீட்டு ராஜஸ்ரீ சதுர்த்தி உபவாசத்தன்று ஒரு கிண்ணம் ஜவ்வரிசிக் கிச்சடி கொண்டுவந்தபோது, இதில் வேர்க்கடலையும் உருளைக்கிழங்கும் இருக்கின்றன, இதற்குப் பெயர் விரதமே இல்லை என்று வாசலிலேயே இந்தியில் வகுப்பெடுத்தார். அந்த அம்மாள் சிரித்தபடி, "எங்கள் கணபதிக்கு ஆட்சேபணை இல்லை பாய்சாப். உங்கள் போனுக்குத்தான் இருக்கிறது போல" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைச் சரசாவின் கையில் கொடுத்துப் போனாள். சரசா அவருடைய மனைவி. அவள் நாட்காட்டியில் ராகுகாலம் பார்த்தால், "கோள் பார்த்துச் சோறு திங்கற காலத்துலயே இருக்கறயே" என்பார். சொல்லிவிட்டுக் கைபேசியில் மணி பார்ப்பார்.

இப்படிப்பட்டவருக்கு ஸ்ரீலக்ஷ்மி என்றொரு மகள், ஒரே மகள். கராடியில் மென்பொருள் வேலை. அதே அலுவலகத்தில் பணிபுரியும் பிரணவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொல்லி ஓராண்டாயிற்று. பையனின் தந்தை கோவிந்தராஜன் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். புனேவை அடுத்த தளேகாவில் ஓர் ஆலையில் மேற்பார்வையாளர். இரு வீட்டிலும் முதலில் முறைத்து, பிறகு விசாரித்து, பிறகு இளகி, சென்ற மாதம் பிள்ளை வீட்டார் வாகட்டுக்கு வந்து வயிறார உண்டு போனார்கள். இனிப் பெண் வீட்டார் தளேகாவுக்குப் போய்க் கை நனைக்க வேண்டியதுதான் பாக்கி.

கை நனைப்பது என்றால் என்னவென்று நம்மவர்க்குத் தெரியும். சம்பந்தம் பேசப் போன இடத்தில் பிடித்திருந்தால் இலையில் உட்கார்ந்து உண்பார்கள். உண்டுவிட்டால் பேச்சு முடிந்தது. பிடிக்கவில்லையென்றால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. வயிறு சரியில்லை என்பார்கள், சர்க்கரை என்பார்கள், வரும் வழியில் சாப்பிட்டுவிட்டோம் என்பார்கள். காரணம் எவ்வளவு நீளமோ அவ்வளவு உறுதியான மறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குத் தளேகாவில் போய் இறங்கினார்கள். விரதத்தின் நூற்று மூன்றாம் நாள்.

"வாங்க, வாங்க. காப்பி கலக்கட்டுங்களா?" என்றாள் பையனின் தாய் விசாலம்.

"எனக்கு வரக்காப்பி போதுமுங்க. பாலு, சக்கரை ஒண்ணும் வேண்டாம்."

விசாலத்தின் முகம் வெளுத்தது. பாலில்லாத காப்பியை அவள் ஊரில் எந்த வீட்டில் கொடுப்பார்கள்? பிணம் கிடக்கிற வீட்டில். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல வரக்காப்பிங்களா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

கோவிந்தராஜன் பேச்சை மாற்றினார். "பதினொண்ணரைக்கு எல போட்டுரலாமுங்க. பன்னண்டுல இருந்து ஒண்ணரை வரைக்கும் எமகண்டம். அதுக்குள்ள கை நனைச்சுட்டா நிம்மதி."

"நீங்கெல்லாம் சாப்பிடுங்க. நான் ஒரு மணிக்குத்தானுங்க."

"ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சும்..."

"ஒடம்பு நல்லா இருக்குதுங்க. நல்லா இருக்கறதாலதான் சாப்பிடறதில்ல."

இந்த வாக்கியத்தோடாவது நிறுத்தினாரா? விரதக்காரர் நிறுத்துவாரா? சோறு உள்ளே போனதும் இன்சுலின் எப்படி எழும்புகிறது, பன்னிரண்டு மணி நேரம் கழிந்தபின் உடம்பு தன் கொழுப்பைத் தானே எப்படி எடுத்து எரிக்கிறது, கழுதைபோல் மூன்று வேளையும் மெல்லும் பழக்கம் மனிதனுக்கு எப்போது வந்தது என்றெல்லாம் கையை விரித்து, மடக்கி, ஒரு கட்டத்தில் மேசை மேலிருந்த தம்ளரைக் கல்லீரலாக வைத்து இருபது நிமிடம் விளக்கினார். சரசா மும்முறை தொண்டையைச் செருமினாள். அவர் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார். கோவிந்தராஜன் தலையாட்டிக்கொண்டே இருந்தவர், கல்லீரல் முடியும் தறுவாயில் ஆட்டுவதை நிறுத்திவிட்டார்.

"சரிங்க. புரிஞ்சுதுங்க" என்றார். பிறகு, எக்ஸ்பிரஸ்வேயில் இப்போது கூட்டம் எப்படி, வாகட் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று மரியாதையாக விசாரித்தார்.

அறிவியல் நன்றாக எடுபட்டது என்று துரைசாமிக்குத் திருப்தி. கை கழுவும் இடத்துப் பக்கம் அவர் போனபோது ஸ்ரீலக்ஷ்மி பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, ஆன்ட்டி ஒப்புட்டு எல்லாம் டப்பால போட்டுட்டு இருக்காங்க."

"எதுக்கு?"

"நம்மள அனுப்பறதுக்கு. நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னு நெனச்சுட்டாங்க."

"சாப்பாட்டத்தானே கண்ணு வேண்டாம்னேன், சம்பந்தத்த இல்லியே."

"அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பிரணவ் போய் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணான். 'அவங்களுக்கு இஷ்டமில்லடா, நாகரிகமாச் சொல்றாங்க'ன்னு அங்கிள் சொல்லிட்டாரு." அவள் குரல் இறங்கியது. "ஒன் இயர் வெயிட் பண்ணேன்பா. ஒரு மணி நேரத்துக்காக நீங்க என்னைய ரிஜெக்ட் பண்றீங்களா?"

பின்னால் வந்த சரசா மகளைவிடச் சுருக்கமாகப் பேசினாள். "நூத்தி ரெண்டு நாள் உங்க ஒடம்பப் பாத்துக்கிட்டீங்க. இன்னைக்கு ஒரு நாள் அவளப் பாருங்க."

துரைசாமி கூடத்தை எட்டிப் பார்த்தார். கோவிந்தராஜன் தனியாக உட்கார்ந்து, விரித்த வாழையிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த முகபாவத்தைத் துரைசாமி முன்பே ஒருமுறை இன்னொருவரிடம் பார்த்திருக்கிறார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் பொள்ளாச்சியில் பெண் பார்க்கப் போன ஒரு வீடு. பெண் சற்று உயரம் என்று அவருக்குப் பட்டது. "வயிறு மந்தமா இருக்குதுங்க" என்று சொல்லி எழுந்தார். பெண்ணின் தகப்பனார் போட்ட இலையைத் தாமே குனிந்து எடுத்தார். பாதித் தெருவைக் கடப்பதற்குள் துரைசாமி அவரை மறந்துவிட்டார். இருபத்தெட்டு ஆண்டு மறந்தே இருந்தார்.

நேரே கூடத்துக்குப் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "அந்த எலைய இப்பிடிப் போடுங்க சம்பந்தி" என்றார்.

கோவிந்தராஜன் நிமிர்ந்தார். "இன்னும் ஒரு மணி ஆகலீங்களே."

"எமகண்டம் வரப் போகுதுங்க. போடுங்க."

விசாலம் டப்பாவும் கரண்டியுமாக ஓடிவந்தாள். துரைசாமி வலக்கையால் நீர் தெளித்து இலையைத் துடைத்தார். பிறகு, நேர்மையானவர் ஆகையால், இடக்கையால் கைபேசியை எடுத்தார். விரதத்தை முறித்தால் முறையாகப் பதிய வேண்டும் அல்லவா? நிச்சயம் முடித்துக்கொள்கிறீர்களா, இன்னும் ஒரு மணி ஏழு நிமிடங்களே உள்ளன என்று செயலி கேட்டது. விசாலத்தின் கரண்டி அந்தரத்தில் நின்றது. சரசா கண்ணை மூடிக்கொண்டாள். துரைசாமி ஆம் என்பதை அழுத்தி, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நெய்யில் மிதந்த இனிப்புப் போளியான ஒப்புட்டைப் பிட்டு வாயில் போட்டார். மணி பதினொன்று ஐம்பத்து மூன்று.

விரதம் போனது போயிற்று, இனி அளவு எதற்கு என்ற வாதமும் இந்த இனத்துக்கே உரியது. ஒப்புட்டு நான்கு, இட்லி ஆறு, பருப்புச் சோறு, ரசம் இருமுறை, தயிர், பின்னர் அவசியமே இல்லாமல் ஐந்தாவது ஒப்புட்டு. விசாலம் பரிமாறப் பரிமாற அவள் முகம் மலர்ந்தது. தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். தைமாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அவர் திருந்தியிருப்பார் என்று எண்ணுகிறீர்களா? காரில் திரும்பும்போது சோமாட்டணே சுங்கச்சாவடி வருவதற்குள், "உனக்காக நூத்தி ரெண்டு நாளைத் தியாகம் பண்ணியிருக்கறேன் கண்ணு" என்றார். இன்றுவரை பதினேழு பேரிடம் அந்தத் தியாகத்தைச் சொல்லியிருக்கிறார். ஐந்து ஒப்புட்டு தின்றதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அது போகட்டும். தாம்பூலத் தட்டோடு வாசல்வரை வழியனுப்ப வந்த கோவிந்தராஜன், "ஏனுங்க, அந்த ஆறு கிலோ நானூறு கிராம் கொறஞ்சது நெசந்தானுங்களா?" என்று கேட்டார். முடிந்தது கதை. இப்போது நாள்தோறும் பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குச் சம்பந்திகள் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே அந்த ஐந்து நிமிடத்தைக் கடக்கிறார்கள். "என்னத்தச் சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு உங்க வூட்டுக்காரரு, ரெண்டு பேருக்கும் கிறுக்குத்தான் புடிச்சிருக்குது" என்று விசாலம் சரசாவிடம் புலம்பினாள். கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கு முதல் பந்தியில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பதென்று அம்மாக்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். மேல்முறையீடு கிடையாது.

நாம் அந்த இனம் இல்லை என்று புன்னகைக்கிறீர்கள். நல்லது. ஒரு சின்னப் பரீட்சை மட்டும் எழுதிப் பாருங்கள். நாளைக் காலை யார் வீட்டுக்காவது போகிறீர்கள், "காப்பி சாப்பிடறீங்களா?" என்று கேட்கிறார்கள். "வேண்டாமுங்க" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ள உங்களால் முடியுமா? சற்று யோசித்துச் சொல்லுங்கள். முடியாதென்றால், அந்த வீட்டில் மணமாக வேண்டிய பிள்ளை எவரும் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, அப்புறம் இன்சுலினைத் தொடங்குங்கள்.