மாம்புரிக் கிணற்றுக்கு இரும்பு மருந்து

தண்ணீருக்கே வைத்தியம் பார்த்த முதல் ஊர் என்ற பெருமை மாம்புரிக்கே உரியது. ‘நிலத்தடி நீர் மீட்புக் குழு’வின் செயலாளர் என்ற வகையில் இதை மிகுந்த அடக்கத்துடன் அறிவிக்கிறேன்.

எங்கள் வெங்காயத் தோட்டங்களுக்குப் போட்ட யூரியா மணலுக்குள் இறங்கி, கிணறுகளில் நைத்திரேற்று என்ற நச்சு உப்பாகச் சேர்ந்திருந்தது. கைக்குழந்தைக்காரி கத்தரினாவிடம் மருத்துவமாது, “கொதிக்க வச்சாலும் சரிவராது. இந்தத் தண்ணியில பால்மா கரைக்க வேணாம்” என்று சொல்லிவிட்டார். கத்தரினா பதறிப்போய்க் குழுவிடம் ஓடிவந்தாள். குழு கொழும்பிலிருந்து நீர் ஆய்வாளர் கலாநிதி யாகப்புவை வரவழைத்தது.

“கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்,” என்றார் கலாநிதி. “நைத்திரேற்றை இல்லாமலாக்கும். பொலிமரால சட்டையும் போட்டிருக்கு.”

“இரும்புக்கு எதுக்கு சேர் சட்டை?” என்று கேட்டாள் கத்தரினா.

“இல்லாட்டி ஒண்டோட ஒண்டு ஒட்டி, கூட்டமா ஒரே இடத்தில குந்தியிருக்கும். ஒரு வேலையும் நடக்காது.”

குழுவினர் அனைவரும் சட்டையைச் சரிசெய்துகொண்டோம்.

கத்தரினாவின் வீட்டு வளவுக்கு வாகனம் போகாது. ஆகவே, பதாகை கட்ட வசதியாக வீதியோரத்தில் கிடந்த பாழுங்கிணறு ‘விஞ்ஞானபூர்வமாக’த் தெரிவு செய்யப்பட்டது. அதைச் சுற்றி நிலத்துக்குள் கலாநிதியின் ஆட்கள் அந்த இரும்புத் துகள் கரைத்த கறுப்பு மருந்தை இறக்கினார்கள். சில வாரங்களில் பரிசோதித்தால், தண்ணீர் உண்மையிலேயே சுத்தம்! கிணற்றுக்கு மாலை போட்டோம். கத்தரினா வாளியோடு வந்தாள்.

“நில்லுங்க தங்கச்சி!” கலாநிதி பாய்ந்து மறித்தார். “அள்ளினா சுத்தியுள்ள தோட்டத்துத் தண்ணி உள்ளுக்கு வந்திடும். ஆய்வு பிழைச்சுப் போகும்.”

“அப்ப இந்தத் தண்ணி ஆருக்கு?”

“ஆய்வுக்கு.”

கிணற்றுக்குக் கம்பி மூடியும் பூட்டும் போட்டோம். மறுநாள் நாங்கள் பாராட்டு விழாவில் இருந்தபோது, கத்தரினா ஊர்ப் பெண்களைத் திரட்டி வந்து பூட்டை உடைத்தாள். வீட்டுக்கு வீடு குடம் நிறைந்தது. அவளுடைய குழந்தை பால் குடித்து, ஏப்பம் விட்டு, சிரித்தது. அன்று ஊர் முழுக்கத் திருநாள்தான்.

ஆனால் ஒரு மாதத்தில் நைத்திரேற்று பழையபடி ஏறிவிட்டது. கத்தரினா குழந்தைக்குப் போத்தல் தண்ணீர் வாங்கத் தொடங்கினாள். குழு அவசரமாகக் கூடியது. குழுத் தலைவர் பஸ்தியான் முதலாளி தமது கடையில் உர லொறி இறக்கிவிட்டு வரச் சற்றுத் தாமதம். வந்ததும் தீர விசாரித்து, தீர்ப்பையும் அவரே வாசித்தார்:

“நிலத்தடி நீர் மாசடைய முதன்மைக் காரணம், சனம் அதைக் குடிப்பது.”